‘எச்பி ஏத்தித் தர்றோம்’: மினி டிராக்டர்காரர்களை மொட்டையடிக்கும் பட்டறை வேலை

18, 22, 24 எச்பி (குதிரைத்திறன்) மினி டிராக்டர் வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள். "ரொட்டவேட்டர் இழுக்க மாட்டேங்குதா? வண்டியை விட்டுட்டுப் போங்க, சாயங்காலத்துக்குள்ள நாலு எச்பி ஏத்தித் தர்றோம்" என்று சொல்லிச் சில பட்டறைகளில் பணம் வாங்குகிறார்கள். (ரொட்டவேட்டர் என்பது டிராக்டரின் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை.) வேலை முடிந்து வரும் வண்டி முதலில் நன்றாகத்தான் ஓடும். அதனால் ஏமாந்தது தெரியவே நாளாகும். அதற்குள் அந்த வண்டியைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் தன் வண்டியைக் கொண்டுபோய் விட்டிருப்பார்.

அப்படி ‘ஏத்திய’ வண்டி ஒன்றைப் பிரித்தபோது இருந்த நிலையைச் சொல்கிறேன். 24 எச்பி, மூன்று சிலிண்டர், மஞ்சள் காட்டில் ஓடியது. நடுச் சிலிண்டரின் பிஸ்டன் தலையில் ஓரம் உருகி அரித்திருந்தது. மேல் ரிங் பள்ளத்துக்குள் கரி அடைத்து, ரிங் அசையவே இல்லை. லைனரில் நகம் மாட்டும் ஆழத்துக்கு நெட்டுக்குத்தாகக் கீறல். ஹெட் கேஸ்கட் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் கருகிப் போயிருந்தது. இன்ஜின் ஆயிலில் டீசல் கலந்து தண்ணீராக ஓடியது. டீசல் பம்பைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிட்டது: திருகுகளைக் கோத்துக் கம்பியால் கட்டி ஈயம் வைத்திருக்கும் கம்பெனி சீல் அறுந்திருந்தது. வாரண்டி பாக்கி இருந்தும் சீல் இல்லாததால் கம்பெனி கைவிரித்துவிட்டது. முழு இன்ஜின் வேலை செலவும் விவசாயி தலையில்.

அந்தப் பட்டறையில் செய்ததெல்லாம் இரண்டு திருகைத் திருப்பியதுதான். ஒன்று, அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்று தடுத்து வைக்கும் திருகு. இன்னொன்று, இன்ஜின் அதிகபட்சம் எத்தனை சுற்று ஓடலாம் என்று கவர்னரைக் கட்டுப்படுத்தும் திருகு. முதலாவதைத் திறந்தால் டீசல் கூடும், சரி. அதை எரிக்கக் காற்று எங்கிருந்து வரும்? டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத 1000 சிசி இன்ஜின் 2700 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 1350 லிட்டர் காற்றுக்கு மேல் இழுக்கவே முடியாது. ஃபில்டர், வால்வு தடை போக நிஜத்தில் இன்னும் குறைவு. ஒரு கிராம் டீசல் எரியக் கணக்குப்படி 14.5 கிராம் காற்று வேண்டும். சிலிண்டருக்குள் கலக்கக் கிடைக்கும் நேரம் குறைவு என்பதால் நடைமுறையில் 18 முதல் 20 கிராம் இருந்தால்தான் புகையில்லாமல் எரியும். கம்பெனி அந்த அளவுக்கே வைத்துத்தான் சீல் போடுகிறது. அதற்கு மேல் ஊற்றும் டீசலில் கொஞ்சம் இழுவையாகிறது. மிச்சம் கரும்புகையாகவும் வெப்பமாகவும் போகிறது. பிஸ்டனைத் தின்பது அந்த வெப்பம்தான்.

இரண்டாவது திருகு இதைவிட மோசமான ஏமாற்று. சத்தம் கூடுவதால் வண்டிக்கு வேகம் வந்த மாதிரி தோன்றும். ஆனால் பாரம் ஏறியதும் சுற்று பழைய இடத்துக்கே இறங்கிவிடும், ஏனென்றால் இழுவை கூடவில்லை. நடுவில் பிடிஓ (இன்ஜின் சக்தியை ரொட்டவேட்டருக்குக் கொடுக்கும் பின் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றுக்குப் பதில் 590, 600 என்று ஓடி ரொட்டவேட்டர் கியர்பாக்ஸையும் பேரிங்கையும் காலி செய்யும். பம்புக்கு அடியிலுள்ள ஷிம்மை (மெல்லிய தகட்டை) எடுத்து டைமிங்கை (டீசல் பீய்ச்சும் நேரத்தை) முன்னால் தள்ளுகிறவர்களும் உண்டு. கடகடவென்று அடி கேட்கும். அது இன்ஜின் திணறும் சத்தம், பவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

இதே வியாபாரத்துக்கு வேறு முகங்களும் இருக்கின்றன. ‘ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டா பவர் கூடும்’ என்பார்கள். 80 மி.மீ. போரை 80.5 ஆக்கினால் சிசி கூடுவது 1.25 சதவீதம், 24 எச்பி வண்டியில் அது கால் எச்பிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தேய்ந்த போரைச் சரிசெய்வதற்கான வேலை அது, பவருக்கானதல்ல. டர்போ மாட்டித் தருகிறேன் என்பவரிடம், பிஸ்டனுக்கு அடியிலிருந்து ஆயில் பீய்ச்சும் ஜெட் இருக்கிறதா, அழுத்தவிகிதம் (பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது) என்ன என்று கேட்டுப் பாருங்கள். தனி அறையில் டீசல் எரியும் சிறிய இன்ஜின்களில் அது 21க்கு மேல் இருக்கும். அதில் காற்றைத் திணித்தால் முதலில் போவது ஹெட் கேஸ்கட். பின்னால் பெரிய டயர் மாட்டுவதும் வேண்டாம். டயர் பெரிதானால் சாலையில் வேகம் கூடும், மண்ணில் இழுவை குறையும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் டயருக்கும் பின் டயருக்கும் உள்ள சுற்று விகிதம் கெட்டு, முன் ஆக்ஸில் கியர் கடித்துப் பல் உடையும்.

சரி, வண்டி நிஜமாகவே இழுக்கவில்லை என்றால்? புதிதில் இழுத்த வண்டி இப்போது இழுக்கவில்லையா, ஆரம்பத்திலிருந்தே இழுக்கவில்லையா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

முன்பு இழுத்த வண்டி என்றால் பவர் எங்கோ கசிகிறது. ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். ஆயில் குளியல் ஃபில்டராக இருந்தால் ஆயில் சேறாகியிருக்கும், அல்லது கோட்டுக்கு மேல் ஊற்றியிருப்பார்கள். இரண்டுமே காற்றை மறிக்கும். அடுத்து டீசல் ஃபில்டர், டேங்கின் அடிவண்டல், லைனில் காற்று. பிறகு டீசல் தெளிக்கும் நாசிலைக் கழற்றி டெஸ்டரில் மாட்டி அழுத்தம் பார்க்க வேண்டும். ரகத்தைப் பொறுத்து 120 முதல் 220 பார் வரை வேறுபடும், உங்கள் வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுதான் கணக்கு. சொட்டாமல் பனிபோலத் தெளிக்க வேண்டும். டேப்பெட் (வால்வு) இடைவெளியை இன்ஜின் ஆறிய பிறகே பார்க்கவும். பாரம் ஏறும்போது இன்ஜின் சுற்று குறையாமல் வண்டி மட்டும் நின்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. பம்பைத் தொடவே தேவையில்லை. இத்தனையும் பார்த்து, கடைசியாகக் கம்பரஷன் அளந்த பிறகுதான் பம்பின் பக்கம் போக வேண்டும். போனாலும் பம்பின் டீசல் அளவைச் சோதிக்கும் காலிபரேஷன் பெஞ்ச் உள்ள இடத்துக்கு மட்டும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கேரட், உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2000 மீட்டருக்கு மேல் காற்று மெலிது. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 1 சதவீதம் பவரை இழக்கும். சமவெளியில் 24 எச்பி என்றால் அங்கே 19 சொச்சம்தான். அது பழுது அல்ல. காற்றில்லாத அந்த ஊரில் டீசலைக் கூட்டினால் புகை மட்டும்தான் கூடும்.

ஆரம்பத்திலிருந்தே இழுக்காத வண்டியில் பெரும்பாலும் குற்றம் இன்ஜினில் இருக்காது. விற்கும்போதே 22 எச்பி வண்டிக்கு நாலடி ரொட்டவேட்டரைத் தலையில் கட்டியிருப்பார்கள். அடிக்கு 7 முதல் 8 எச்பி என்று வைத்துக்கொண்டால் அதற்கு மூன்றடிதான் பொருந்தும். இறுகிய கரிசலில் அதுவும் ஒரே ஓட்டில் முழு ஆழம் போகாது, இரண்டு ஓட்டு ஓட்ட வேண்டும்.

கொத்துக் கலப்பை இழுக்காவிட்டால் சக்கர வழுக்கலை அளந்து பாருங்கள். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிக்கொண்டு 10 சுற்று ஓட்டித் தூரத்தை அளக்கவும். பிறகு அதே நிலத்தில் உழுதபடி 10 சுற்று. முதலில் 30 மீட்டர், உழும்போது 24 மீட்டர் என்றால் வழுக்கல் 20 சதவீதம். 10 முதல் 15க்குள் இருப்பதே நல்லது. அதைத் தாண்டினால் வண்டிக்குத் தேவை எடை: பின் டயரில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பலாம், சக்கரத்தில் வார்ப்பிரும்பு வெயிட் மாட்டலாம், டயர் காற்றைப் புத்தகத்தில் உள்ள வயல் அளவுக்கு இறக்கலாம். இவ்வளவு சின்னச் செலவில் முடியும் வேலைக்குத்தான் இன்ஜினையே பலி கொடுக்கிறார்கள் என்பது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இதற்கும் போதவில்லை என்றால் பெரிய வண்டிக்கு மாறுவதுதான் ஒரே வழி. அங்கேயும் பானட்டில் எழுதிய எண்ணை நம்ப வேண்டாம். அது இன்ஜின் எச்பி. ரொட்டவேட்டருக்குப் போய்ச் சேர்வது பிடிஓ எச்பி. ஏறத்தாழ 85 சதவீதம். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் டிராக்டர் பரிசோதனை நிலைய அறிக்கையை டீலரிடம் கேளுங்கள். பிடிஓ பவர், இழுவை, ஹைட்ராலிக் தூக்கும் எடை எல்லாம் சோதித்த அளவாக அதில் இருக்கும். செகண்ட் ஹேண்ட் என்றால் ஸ்டிக்கர் மாற்றி மாடலை உயர்த்தி விற்பதும் நடக்கிறது. ஆர்சியில் உள்ள சிசி, இன்ஜின் எண், சேசிஸ் எண் மூன்றையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். ஹவர் மீட்டரைக் குறைத்திருக்கலாம். பிடிஓ ஸ்ப்ளைன் பல் தேய்மானத்தையும் டிராபார் (பின்னால் கருவி கோக்கும் பட்டை) ஓட்டை நீள்வட்டமாகிப் போனதையும் மறைப்பது கடினம். வேறு இன்ஜின் மாற்றிய வண்டியானால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 குறுக்கே வரும். ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றாமல் இருந்தால் விபத்தின்போது இன்சூரன்ஸ் சிக்கலாகும்.

எந்தப் பட்டறையில் விட்டாலும் பம்ப் சீலைப் போட்டோ எடுத்துவிட்டு விடுங்கள். செய்த வேலையை எழுதி, ஜிஎஸ்டி எண்ணுள்ள பில்லாக வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பிரித்த பாகங்களைத் தூக்கிப் போட வேண்டாம், அவைதான் சாட்சி. வேறு மெக்கானிக்கிடம் நிலையை எழுதி வாங்கி, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது.