குட்டின்னு போட்டிருக்காங்க, அது அப்பாங்க (ஆழ்கடல் பொம்மை செட், 3/5)

முதல்ல நல்லத சொல்லிடறேன். ரப்பர் நல்ல கனமா இருக்கு, நாத்தம் இல்ல, ஆங்லர் ஃபிஷ்ஷோட (தூண்டில் மீன்) பல்லு வளையுது அதனால கைய குத்தாது, நெத்தியில இருந்து நீட்டிட்டு இருக்கற குச்சி முனையில ஒரு எல்இடி, வயித்த அமுக்குனா பச்சையா எரியுது, ரூம் லைட்ட அணைச்சிட்டு பாத்தா செம. பட்டன் செல் மூடி ஸ்க்ரூ போட்டது, வாண்டுங்க இருக்கற வீட்டுக்கு அது ரொம்ப முக்கியம்.

பிரச்சனை பெட்டியில தான். நீலக்கலர்ல பெருசா ஒரு மீன் ‘அப்பா’வாம், அதுக்கும் நெத்தியில லைட்டு. கருப்பு ஒண்ணு ‘அம்மா’. அம்மா வயித்துல காந்தத்தால ஒட்டிக்கற நகம் சைஸ் மீன் ‘குட்டி’. யாருப்பா இத எழுதுனது?

நெஜ ஆழ்கடல் ஆங்லர்ல லைட்டு பொம்பள மீனுக்கு மட்டும்தான். வெளிச்சம் தர்றதும் அந்த முனைக்குள்ள வாழற பாக்டீரியா. ஆம்பள பொடிசு, ஃபோட்டோகோரைனஸ்னு ஒரு இனத்துல 46 மில்லிமீட்டர் பொம்பள முதுகுல 6.2 மில்லிமீட்டர் ஆம்பள ஒட்டிட்டு இருந்திருக்கு. கும்மிருட்டுல, அவ்ளோ பெரிய கடல்ல எப்படி தேடுதுன்னா, பல இனங்கள்ல ஆம்பளைக்கு மூக்கு உடம்புக்கு சம்பந்தமே இல்லாம பெருசு, பொம்பள தண்ணியில விடற வாசனைய பிடிச்சுக்கிட்டே போகுது, கிட்ட போனா அந்த லைட்டு, அதோட வடிவம் இனத்துக்கு இனம் வேற, அத வச்சு நம்மாளு தானான்னு பாக்கலாம். கிடைச்சா கடிச்சு பிடிச்சுக்கும். சில இனங்கள்ல வேல முடிஞ்சதும் விட்டுடும், சிலதுல தோலோட தோல் சேந்து ரத்தமும் ஒண்ணாயிடும், அப்புறம் சாப்பாடு எல்லாம் அம்மணி ரத்தத்துல இருந்து தான். வேற உடம்பு ஒட்டுனா உடம்பு தள்ளிவிடணுமே, ஏன் விடலன்னு 2020ல ஜீன்கள ஆராய்ஞ்சு பாத்தப்ப, ஒட்டிக்கற இனங்கள்ல நோய் எதிர்ப்புக்கான முக்கியமான ஜீன்கள் சிலது காணவே காணோம்!

பெட்டிக்காரர ரொம்ப திட்டவும் முடியல, 1922ல ஐஸ்லாந்து விஞ்ஞானி பியார்னி சேமுண்ட்சன் கூட ஒரு பொம்பள மீன் மேல ஒட்டியிருந்த ரெண்டு பொடி மீன குட்டின்னு தான் நெனச்சார். 1925ல பிரிட்டிஷ் மீன் விஞ்ஞானி டேட் ரீகன் தான் அதே மாதிரி ஒட்டியிருந்த ஒண்ண அறுத்து பாத்து இது ஆம்பளன்னு சொன்னார். ஆனா சார், அது நூறு வருஷத்துக்கு முன்னாடி! இப்போ அட்லாண்டிக் கடல்ல அசோர்ஸ் தீவுகள் பக்கம் 800 மீட்டர் ஆழத்துல ஒரு ஜோடிய உயிரோட எடுத்த வீடியோவே 2018ல வெளிய வந்தாச்சு, பொம்பள வயித்துல ஆம்பள தொங்கிட்டு இருக்கறது தெளிவா தெரியும். வாங்கறவங்க அத பசங்களுக்கு போட்டு காட்டுங்க, பெட்டிய கிழிச்சி போடுங்க.

கூட வர்ற ஸ்குவிட் பரவால்ல ரகம், பெயின்ட் உரியுது. (ஆழ்கடல் ஸ்குவிட்ல ஒரு வகை இருட்டுல ஆணா பெண்ணான்னு பாக்காம எல்லார் மேலயும் விந்துப் பைய ஒட்டிவிட்டுடுமாம், அத நல்லவேளை பெட்டியில போடல.)

மகளுக்கு ‘அம்மா’வும் காந்த மீனும் போதும்னு ஆயிடுச்சு, நீலம் சும்மா கிடக்கு. அந்த ரெண்ட மட்டும் தனியா வித்தா அஞ்சு ஸ்டார் குடுப்பேன். பேட்டரி கூட வராது, எல்ஆர்44 பட்டன் செல் தனியா வாங்கிக்கோங்க.