முதுமலையா, டாப்ஸ்லிப்பா, பரம்பிக்குளமா? குழந்தைகளோடு காட்டில் ஓர் இரவு

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதே எங்கள் வீட்டில் அடுத்த பயணத்துக்கான பேச்சு தொடங்கிவிடும். திருப்பூரிலிருந்து நாங்கள் மாறி மாறிப் போகும் காடுகள் மூன்று: முதுமலை, ஆனைமலையில் உள்ள டாப்ஸ்லிப், அதைத் தாண்டி இருக்கும் பரம்பிக்குளம். மூன்றுமே புலிகள் காப்பகங்கள். போவது ஐந்து பேர். நாங்கள் இருவர், பத்து வயது மகள், ஆறு வயது மகன், எழுபதைத் தாண்டிய என் மாமியார். அதனால் நான் ஒப்பிடுவது எங்கே புலி தெரியும் என்பதை வைத்து இல்லை. குழந்தைகளும் பெரியவரும் காட்டுக்குள் ஓர் இரவைப் பயமில்லாமல், மனநிறைவோடு கழிக்க எது நல்லது என்பதுதான் என் கேள்வி.

டென்ட் ஆசையோடு இருப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூடாரத்தைக் காரில் போட்டுக்கொண்டு போய், பிடித்த ஆற்றங்கரையில் அடித்துத் தங்குவது இந்த மூன்று இடங்களிலும் சட்டப்படி குற்றம். வனத்துறை ஒதுக்கும் இடத்தில்தான் தங்க முடியும். அப்படித் தங்கினால் அறையா கூடாரமா, சுற்றிலும் காடா கடைவீதியா என்பதில்தான் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம்.

விலங்குகளைப் பார்ப்பதற்கு முதுமலைதான் எளிது. மழை மறைவுப் பக்கம் என்பதால் காடு வறண்டு, இடைவெளிவிட்டு நிற்கும். அதனால் மரங்களுக்கு நடுவே வெகுதூரம் பார்வை போகும். தெப்பக்காட்டிலிருந்து பந்திப்பூர் போகும் சாலையில் வண்டியை விட்டு இறங்காமலேயே புள்ளிமான் கூட்டம், மயில், காட்டுமாடு எல்லாம் பார்த்துவிடலாம். யானையும் கண்ணில் படும். 1940-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பழைய காடு இது. மாயாற்றங்கரையில் இருக்கும் தெப்பக்காடு யானைகள் முகாம் குழந்தைகளுக்குப் பெரிய கொண்டாட்டம். கேழ்வரகு, கொள்ளு, அரிசி எல்லாம் வேகவைத்து, வெல்லமும் தேங்காயும் சேர்த்துப் பிசைந்து உருட்டி, ஒவ்வொரு யானைக்கும் அதனதன் அளவில் பாகனும் அவருடைய உதவியாளரான காவடியும் வாயிலேயே வைத்து ஊட்டுவார்கள். என் மகன் அன்றைக்கு ராத்திரி கேழ்வரகுக் களிதான் வேண்டும் என்று அடம்பிடித்தான். வீட்டில் தட்டைத் தள்ளிவிடும் பிள்ளை அவன்.

என் மாமியாருக்கும் முதுமலைதான் வசதியாக இருந்தது. சாலையோரத்திலேயே எல்லாம் கிடைக்கும், நடை குறைவு, கூடலூரில் ஆஸ்பத்திரி உண்டு. ஊட்டியிலிருந்து போவதென்றால் கல்லட்டி வழி தூரம் குறைவு. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். கூடலூர் சுற்றிப் போவதே நல்லது. பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை மூடியிருக்கும். 2024 மே முதல் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸும் வேண்டும்.

ஆனாலும் முதுமலை எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. சஃபாரி வண்டிக்குக் காத்திருந்த நேரம், வண்டியில் காட்டுக்குள் இருந்த நேரத்தைவிட அதிகம். வனத்துறை அறைகள் குறைவு, சீக்கிரம் நிரம்பிவிடும். பிறகு எல்லாரும் மசினகுடிப் பக்கம் தனியார் விடுதி தேடுகிறார்கள். அங்கே ஜீப்காரர் ஒருவர், ‘ராத்திரி பதினொரு மணிக்கு வாங்க, யானையைப் பக்கத்துல காட்டறேன்’ என்று எங்களையும் கூப்பிட்டார். போகவில்லை. நீங்களும் தயவுசெய்து போகாதீர்கள். அது சட்டவிரோதம். அதைவிட முக்கியம், மசினகுடி இருக்கும் சீகூர்ப் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் யானை வழித்தடம். அந்த வழித்தடத்தைக் காக்க உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அடுத்த ஜனவரியிலேயே மசினகுடியில், எரியும் டயர் வீசப்பட்ட ஒரு யானை புண்பட்டுச் செத்தது. நாம் எங்கே தங்குகிறோம் என்பது நம் வசதியை மட்டும் பொறுத்த விஷயம் இல்லை. அறை போடும்முன், அந்த விடுதி வழித்தடத்துக்குள் இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக மலையேறினால் டாப்ஸ்லிப். வரலாற்றில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். பெயரிலேயே கதை இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே தேக்கு மரங்களை வெட்டி, மலையுச்சியிலிருந்து சரிவில் கீழே சறுக்கிவிட்டார்கள். கப்பல் கட்டவும் ரயில் பாதைக்கும் அந்த மரங்கள் போயின. வெட்டிக்கொண்டே போனதில் காடு மொட்டையாகிக் கொண்டிருந்த நேரத்தில் வந்தவர் ஹ்யூகோ வுட் என்ற வனத்துறை அதிகாரி. மரத்தை வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டச் சொன்னார். அதிலிருந்து மறுபடி துளிர்த்தது. சட்டைப்பையில் தேக்கு விதையும் கையில் ஊன்றுகோலுமாக நடப்பார், கோலால் குத்திய குழியில் விதையைப் போட்டு மூடுவார் என்று இன்றைக்கும் அங்கே சொல்கிறார்கள். 1933-இல் இறந்தவரை, அவர் விருப்பப்படியே இந்தக் காட்டில்தான் புதைத்தார்கள். என் நினைவுச்சின்னத்தைத் தேடினால் சுற்றிலும் பார் என்ற பொருளில் கல்லறையில் லத்தீன் வரி இருக்கிறது. மகளுக்கு அதைத் தமிழில் சொன்னேன். அவள் மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பி, மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, ‘இதெல்லாமா?’ என்று கேட்டாள். எந்தக் கோட்டையைச் சுற்றிக் காட்டியபோதும் அவள் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

கோழிகமுத்தி யானைகள் முகாமும் இங்கேதான். காட்டு யானைகளைப் பிடிக்கவும் விரட்டவும் பழக்கிய யானையைக் கும்கி என்பார்கள். அப்படி 99 பணிகளில் ஈடுபட்டு 2023-இல் ஓய்வுபெற்ற கும்கி கலீமின் வீடு அது. தெப்பக்காட்டைவிடக் கூட்டம் குறைவு. கார் இல்லாதவர்கள் பொள்ளாச்சியிலிருந்து அரசுப் பேருந்திலேயே வந்துவிடலாம். குறை என்றால், பகலில் வந்துபோகிறவர்களின் இரைச்சல். சாயங்காலம் அவர்கள் இறங்கிய பிறகுதான் புல்வெளிக்கு மான்களும் காட்டுப்பன்றிகளும் வருகின்றன. அதனால் தங்கினால் மட்டுமே டாப்ஸ்லிப்பின் அருமை தெரியும். தங்குவதற்கு அறைதான் கிடைக்கும்.

சரி, பரம்பிக்குளம். இது கேரளத்தின் பாலக்காடு மாவட்டம். ஆனால் வண்டியில் போக ஒரே வழி நம் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழிதான். இரண்டு மாநில செக்போஸ்ட், இரண்டு கட்டணம். இந்த அலைச்சலுக்கு இது தகுமா என்று முதல் தடவை நானும் யோசித்தேன். இப்போது யாராவது கேட்டால், இரண்டு நாள் கையில் இருந்தால் வேறு இடம் யோசிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

கூடார ஆசை நிறைவேறும் இடம் இதுதான். ஆனப்பாடியில் வனத்துறையே மேடை கட்டி, கட்டில் போட்டு, கழிப்பறை இணைத்துக் கூடாரங்கள் வைத்திருக்கிறது. சாப்பாடு, சஃபாரி, நடைப்பயணம், வழிகாட்டி எல்லாம் ஒரே தொகையில் அடங்கும். மூன்றில் செலவு அதிகம் இங்கேதான், மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு, காட்டிலேயே பிறந்து வளர்ந்த காடர், மலசர் குடும்பங்களுக்கு வேலையாகப் போகிறது. எங்களோடு வந்த வழிகாட்டி மலசர் இளைஞர். ஓரிடத்தில் நிற்கச் சொல்லி, மண்ணில் கரடி கறையான் புற்றைத் தோண்டிய நகக்குறியைக் காட்டினார். என் மாமியார் அவரிடம் ஒவ்வொரு செடியாகப் பெயர் கேட்டுக்கொண்டே வந்தார். பாதிச் செடிகள் அவருடைய சின்ன வயசுத் தோட்டத்தில் இருந்தவை.

கன்னிமாரா தேக்கையும் இங்கே பார்க்கலாம். 400 வயதுக்கு மேல் என்கிறார்கள். சுற்றளவு ஏறக்குறைய 7 மீட்டர். வெட்டப் போனபோது மரத்திலிருந்து ரத்தம் வந்தது, அதனால் கன்னியாக வணங்கி விட்டுவிட்டார்கள் என்பது மலைவாழ் மக்களின் கதை. சுற்றிலும் எத்தனையோ மரங்கள் வெட்டுப்பட்டுப் போன காடு இது. மரம் இறக்குவதற்கென்றே 1907-இல் இங்கிருந்து சாலக்குடிக்கு டிராம் பாதை போட்டார்கள். அத்தனை கோடரிக்கும் தப்பி நிற்கும் மரத்தடியில் என் மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிள்ளைகளும் கழற்றினார்கள்.

அப்புறம் அணை. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது தமிழ்நாடு. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம், சுருக்கமாக பிஏபி, இதுதான். ‘நம்ம ஊரு பிஏபி வாய்க்கால்ல வர்ற தண்ணி இதுதானுங்களா அப்பத்தா?’ என்று மகன் கேட்க, என் மாமியார் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். உடுமலைப் பக்கம் அந்த வாய்க்கால் தண்ணீரில் விவசாயம் பார்த்த குடும்பம் அவருடையது. இத்தனை வருஷத்தில் தண்ணீர் வரும் இடத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

இரவில் செல்போன் சிக்னல் இல்லை. இருட்டியபின் வெளியே வரக்கூடாது என்று காவலர் சொல்லிவிட்டுப் போனார். கூடாரத் துணிக்கு அந்தப் பக்கம் கடமான் கத்தியது. கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் தள்ளி மறுபடி. நாங்கள் ஐந்து பேரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். டிவியும் போனும் இல்லாமல் எங்கள் குடும்பம் அப்படி உட்கார்ந்து வெகுகாலமாகிறது.

ஆக, ஒரு பகல்தான் இருக்கிறது, முட்டி வலிக்கும் பெரியவர்கள் கூட வருகிறார்கள் என்றால் முதுமலை. ஓர் இரவும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் என்றால் டாப்ஸ்லிப். இரண்டு நாளும் கொஞ்சம் பணமும் இருந்தால் பரம்பிக்குளம்; வழியிலேயே டாப்ஸ்லிப் இருப்பதால் வுட் கல்லறையையும் பார்த்துவிடலாம்.

பிப்ரவரி, மார்ச்சில் காட்டுத்தீ பயத்தால் சில சமயம் மூடிவிடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆனைமலைப் பக்கம் அட்டை அதிகம். கையில் கொஞ்சம் உப்புப் பொட்டலம் இருக்கட்டும். டிசம்பர், ஜனவரிதான் எங்களுக்குப் பிடித்த காலம். கூடாரத்துக்குள் விடியற்காலை நன்றாகக் குளிரும். பெரியவர்களுக்குக் கம்பளி, குல்லா, டார்ச் மறக்காதீர்கள். முடிந்தால் வார நாளில் போங்கள்.