வாரம் ஒருமுறையா, தினம் ஒன்றா? முடக்குவாதத்துக்கு இரண்டு மாத்திரைகள்

குடியாத்தத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் என் பெரியம்மாவுக்கு முடக்குவாதம் என்று உறுதியானதும், வேலூரில் பார்த்த மருத்துவர் முதலில் எழுதிக் கொடுத்தது மெத்தோட்ரெக்சேட். மாத்திரை விழுங்கிய மறுநாள் முழுதும் அவரைக் குமட்டல் படுத்தியெடுத்ததால், ஓராண்டுக்குப் பின் அது லெஃப்ளூனமைடாக மாறியது. இரண்டுமே நோய் எதிர்ப்பாற்றலை அடக்கி மூட்டு அழற்சியைத் தணிப்பவை. பலன் தெரிய இரண்டுக்குமே பல வாரங்கள் பிடிக்கும். ஆகவே எது வலிமையானது என்பதைவிட, எதை எந்த வீட்டில் பிசகின்றிச் சாப்பிட முடியும் என்பதே முக்கியமான கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தினமும் மாத்திரை விழுங்கிப் பழகியவர்கள் இதையும் தினமும் விழுங்கிவிட்டால், வாய் முழுதும் புண்ணாகி, வெள்ளையணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். எங்கள் வீட்டிலும் அது நேர்ந்திருக்கும்: மருந்துக் கடை ஒன்றில் உறையின் மேல் 'காலை, இரவு' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், மருத்துவரின் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் தப்பினோம். அன்றே தினசரி நாட்காட்டியின் ஒவ்வொரு வியாழன் தாளிலும் சிவப்பு மையால் 'மாத்திரை' என்று எழுதி வைத்தேன். பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் அமிலத்தை வேறொரு நாளில் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டும் சிறிய மஞ்சள் மாத்திரைகளாகவே வந்ததால், தனித்தனி டப்பாக்களில் போட்டு வைத்தோம். லெஃப்ளூனமைடில் இந்தக் குழப்பமே இல்லை. 10 அல்லது 20 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்று.

ஆனால் உடலை விட்டு வெளியேறுவதில் நிலைமை தலைகீழ். மெத்தோட்ரெக்சேட் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது; அதனால் எங்கள் ஊர்க் கத்திரி வெயிலில் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து உடலில் நீர் வற்றினால் மருந்து உள்ளே தேங்கிவிடும். அந்த வாரத்து மாத்திரையைப் போடாமல் மருத்துவரிடம் கேட்பதே முறை. லெஃப்ளூனமைடோ, நிறுத்திய பிறகும் 2 ஆண்டுகள் வரை ரத்தத்தில் தங்கக்கூடியது. அதை விரைவாக வெளியேற்றக் கொலஸ்டிரமின் என்ற தூளை 8 கிராம் வீதம் தினம் மூன்று வேளை, 11 நாள் குடிக்க வேண்டும். இரண்டு மருந்துமே கருவிலிருக்கும் குழந்தைக்குக் கேடு செய்பவை. மெத்தோட்ரெக்சேட்டைக் கருத்தரிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே நிறுத்தினால் போதும் என்பதால், குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் இளம்பெண்ணுக்கு லெஃப்ளூனமைடு எளிதில் பொருந்தாது. இதைத் திருமணப் பேச்சு நடக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லக் கூச்சப்படுகிற வீடுகள் நம் பக்கம் நிறைய.

கல்லீரலைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே: மது கூடாது, ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. முதல் சில மாதங்கள் அடிக்கடியும், பிறகு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் எடுக்கச் சொல்வார்கள். ஒடுகத்தூர், பேரணாம்பட்டு மலையோரங்களிலிருந்து இதற்காகவே ஒரு நாள் கூலியை இழந்து வருபவர்களுக்கு இது சிறிய சுமையன்று. எனினும் இதில் சலுகை கிடையாது. லெஃப்ளூனமைடில் ரத்த அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். முடியும் கொட்டலாம், பெரியம்மாவுக்குக் கொட்டியது. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்கள், சிறுநீர்த் தொற்றுக்கும் பிறவற்றுக்கும் தரும் கோ-டிரைமாக்சசோல் மாத்திரையை அதனுடன் சேர்க்கவே கூடாது. எந்தக் கடையில் மருந்து கேட்டாலும் முதலில் இதைச் சொல்லிவிடுவது நல்லது. விடாத காய்ச்சலோ இருமலோ வந்தால், இரண்டில் எதைச் சாப்பிட்டாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், வாரக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் இருந்தால் மெத்தோட்ரெக்சேட்டிலேயே தொடங்கலாம் என்பேன். குமட்டல் வந்தால், மாற்றுவதற்கு முன் அதே மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்கலாம். பெரியம்மாவுக்காக நாங்கள் அதைக் கேட்காமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தம்.