ஃபோட்டோவில் முகத்தை டச்-அப் செய்ய எது நல்லது: ஃப்ரீக்வென்சி செப்பரேஷனா, டாட்ஜ் அண்ட் பர்னா?

பருவை எடுப்பதில் சண்டையே இல்லை. 2002-ல் ஃபோட்டோஷாப் 7-ல் வந்த ஹீலிங் பிரஷ் இன்றும் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. தகராறு அதற்கப்புறம்தான்: தோலில் தெரியும் மேடு பள்ளத்தையும் நிறத் திட்டுகளையும் எந்த வழியில் சமன் செய்வது?

ஃப்ரீக்வென்சி செப்பரேஷன் படத்தை இரண்டு லேயராக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றான அடுக்காக, பிரித்துவிடும். கீழ் லேயரில் மங்கலாக்கிய நிறமும் வெளிச்சமும், மேல் லேயரில் தோல் துளைகளும் மெல்லிய முடியும். அப்படிப் பிரிக்க, 8 பிட் படத்துக்கு ஃபோட்டோஷாப்பின் அப்ளை இமேஜ் கட்டளையில் சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128; பிறகு மேல் லேயரின் பிளெண்ட் மோட் லீனியர் லைட். இதை ஆக்‌ஷனாகப் பதிந்துகொண்டால் ஒரே கிளிக். கீழ் லேயரில் லாசோவால் வளைத்து பிளர் கொடுத்தால் பத்து நிமிடத்தில் முகம் தயார்.

வேகம்தான் இதன் ஆபத்தும். மூக்கு மடல், தாடை ஓரம் போன்ற இடங்களில் வெளிச்சமும் நிழலும் கலந்து முகம் தட்டையாகிவிடும். தோல் துளை அப்படியே இருக்கும், அடியிலிருந்த எலும்பைக் காணோம்! மூக்குத்தியையும் சேர்த்து வளைத்துவிட்டால் அதன் மினுக்கு மூக்கெல்லாம் பூசிக்கொள்ளும்.

டாட்ஜ் அண்ட் பர்ன், அதாவது கொஞ்சம் கொஞ்சமாக வெளுப்பதும் கருக்குவதும், இதற்கு நேர்மாறு. வெளுக்க ஒரு கர்வ்ஸ் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும்) லேயர், கருக்க ஒன்று, இரண்டுக்கும் அவற்றின் விளைவை மறைத்து வைக்கும் கருப்பு மாஸ்க். வெள்ளை பிரஷ்ஷின் ஃப்ளோவை, அதாவது பெயின்ட் வழியும் அளவை, ஒன்றிரண்டு சதவீதத்தில் வைத்து, திட்டுத் திட்டாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். கண்ணாடி நெகட்டிவ் காலத்து ஸ்டூடியோக்களில் கூராகச் சீவிய பென்சிலால் செய்ததும் இதையேதான். நெகட்டிவில் கருமை ஏற்றினால் பிரின்ட்டில் அந்த இடம் வெளுக்கும். ஒரு முகத்துக்கு ஒரு மணி நேரம் போய்விடும். ரொம்பப் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள், 300 சதவீதத்தில் எல்லார் முகமும் நிலவின் தரைதான்.

முக வடிவம் கெடாது என்பதால் என் ஓட்டு இதற்கே. ஆனால் நம் மாநிறத் தோலில் இது ஓரிடத்தில் சறுக்கும். கண்ணுக்குக் கீழேயும் வாயைச் சுற்றியும் இருக்கும் கருமையில் வெளிச்சம் மட்டுமல்ல, நிறமே வேறு. அதை வெறுமனே வெளுத்தால் சாம்பல் பூசியது போலாகும். அங்கே மட்டும் செப்பரேஷனின் கீழ் லேயருக்குப் போவேன், அல்லது கன்னத்து நிறத்தை எடுத்து, வெளிச்சத்தை விட்டு நிறத்தை மட்டும் மாற்றும் கலர் மோடில் லேசாகத் தீட்டுவேன்.

சரி, 500 படம் உள்ள கல்யாண ஆல்பத்துக்கு? இரண்டுமே கட்டுப்படியாகாது, தானியங்கி பிளகின்தான். 2022-ல் லைட்ரூம் மென்பொருளுக்கு வந்த ஆள் மாஸ்க்குகள் முகத்தோல், கண், பல் என்று தனித்தனியாகப் பிரித்துத் தருவதும் பெரிய உதவி. ஆனால் பருவுக்கும் மச்சத்துக்கும் வித்தியாசம் பிளகினுக்குத் தெரியாது. குழந்தை கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைக்கூடச் சில சமயம் துடைத்துவிடும்.

ஒருமுறை அவசரத்தில் மொத்தத்தையும் அதில் ஓட்டிவிட்டேன். ப்ரூஃபைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா, "தாடையில இருந்த மச்சம் எங்க தம்பி?" என்றார். நான் எல்லாவற்றையும் ஃபிளாட்டன் செய்து, அதாவது லேயர்களை ஒன்றாக்கி, சேமித்திருந்தேன். அன்று ராத்திரியே கேமராவின் ரா ஃபைலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.