கல்லூரி அலுவலகப் பணியாளர்களுக்கான இரண்டு நாள் பயிற்சி: முதல் நாளுக்காகவே ஆளை அனுப்பலாம்

கீழக்கரை, ராமேஸ்வரம், தொண்டி பக்கத்துக் கல்லூரிகளின் ஆசிரியரல்லாத பணியாளர்களுக்காக ராமநாதபுரத்தில் நடத்தப்படும் வகுப்பு இது. இரண்டு நாளும் ஒரே தரமில்லை.

முதல் நாள் முழுக்க மாணவர் பட்டியல்தான். மாணவர் பெறும் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்ணான ஏபிசி ஐடி 12 இலக்கம். எக்செல்லின் சாதாரணக் கட்டம் 11 இலக்கம் வரைதான் முழுசாகக் காட்டும். அதற்கு மேல் போனால் புள்ளி வைத்துச் சுருக்கிவிடும். அப்படியே சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆகச் சேமித்தால் திரையில் தெரிவதுதான் கோப்பில் ஏறும், மீதி இலக்கங்கள் போனது போனதுதான். எண்ணை ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக்கச் சொல்லித் தருகிறார்கள். சேமித்த கோப்பை எக்செல்லிலேயே திறந்து மறுபடி சேமித்தால் பழைய சிக்கல் திரும்ப வரும். நோட்பேடில் திறந்து சரிபார்க்க வேண்டும்.

பிறந்த தேதியும் இப்படித்தான். கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 05/08/2006 மே 8 ஆகிவிடும். 23/08/2006 தேதியாக ஏறாமல் வெறும் எழுத்தாக நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டியிருந்தால் அதுதான் அடையாளம்.

பெயர் பற்றிய பகுதி அருமை. முகமது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதும் ஊர் இது. இனிஷியல் முன்னாலா பின்னாலா என்ற குழப்பம் வேறு. சேர்க்கை அன்றே பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட வைக்கிறார்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரே முறை. அதனால் சான்றிதழைப் பார்க்காமல் பிள்ளைகளை இ-சேவை மையத்துக்கு விரட்டக் கூடாது என்று அழுத்திச் சொன்னது மிகச் சரி.

இரண்டாம் நாள் காலை தமிழ்த் தட்டச்சு. எல்லாருக்கும் தமிழ்99 விசைப்பலகைதான் என்று பிடிவாதமாக நிற்கிறார்கள். புதிதாகக் கற்பவருக்கு அது நல்லதுதான். தட்டச்சில் ஹையர் (மேல்நிலைத் தேர்வு) முடித்து இருபது வருடம் அடித்த கைக்கு எதற்கு? என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழைய தட்டச்சு விசைப்பலகையை வைத்துக்கொண்டே, எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோடில் அடிக்கலாம். அதைச் சொல்லவே இல்லை. பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றும் வழியும் இல்லை.

பிற்பகல் ஆளுமை வளர்ச்சி. தவிர்க்கலாம்.

பெரிய குறை, ஆய்வக உதவியாளர்களை மறந்தது. உப்புக் காற்று ஈரத்தை இழுத்து மின் இணைப்புகளில் பச்சை பிடிக்க வைக்கும் கடற்கரை இது. மின்தராசுக்குள் ஈரம் உறிஞ்ச வைத்திருக்கும் நீலச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால் வெளியே எடுத்து, ஆய்வக உலர்த்தும் அடுப்பில் (ஓவன்) 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் நீலம் திரும்பும்வரை உலர்த்த வேண்டும். இதைக் கற்றுத்தர அரை மணி போதும். அந்தப் பிற்பகலை இதற்குக் கொடுக்கலாம்.

அனுப்புவதானால் சேர்க்கை தொடங்குவதற்கு முன், மே மாதத்தில் கேளுங்கள். ஆளுக்கொரு கணினி உண்டா என்று முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். இருவருக்கு ஒன்று என்றால் ஒருவர் வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் வருவார்.