கார் நேவிகேஷன் செட்: பெட்டியில் ஒன்று, உள்ளே வேறொன்று. ஏமாறாதீர்கள்

பெட்டியில் அச்சடித்திருப்பது 8 ஜிபி ராம், 128 ஜிபி மெமரி, ஆண்ட்ராய்டு 13, எட்டு கோர் பிராசஸர். செட்டை ஆன் செய்து செட்டிங்ஸைத் திறந்தாலும் அதே எண்கள்தான் தெரியும். உள்ளே உண்மையில் இருப்பது 2 ஜிபி ராம், 32 ஜிபி மெமரி, ஆண்ட்ராய்டு 8.1, நான்கு கோர். இதற்கு ரிவர்ஸ் கேமரா, மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து என்னிடம் வாங்கிய தொகை 14,500 ரூபாய். பணம் போனதுகூடப் பரவாயில்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த காரின் ஒயரிங்கை வெட்டிப் போட்டிருக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த மாதிரி செட் எல்லா ஊரிலும் விற்கிறது. காரில் பெரிய ஸ்க்ரீன் மாட்டும் எண்ணத்தில் இருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுடையது வேகன் ஆர், கீழ் வேரியன்ட். கம்பெனியிலிருந்து சாதாரண ரேடியோ செட்தான் வந்தது. சென்னையிலிருந்து கொல்லிமலைக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போகிற வழக்கம் உண்டு. வெயில் காலத்தில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஹோல்டரில் வைத்த போன் சூடேறி அணைந்துவிடும். மேப் பார்க்க வண்டியிலேயே ஒரு ஸ்க்ரீன் இருந்தால் நல்லது என்று விசாரித்துத்தான் கடைக்குப் போனேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

கடைக்காரர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "சார், இது லேட்டஸ்ட் பீஸ். உள்ளேயே ஜிபிஎஸ், நெட் இல்லாமலே மேப் ஓடும், காலத்துக்கும் அப்டேட் ஃப்ரீ. ஒயர் ஒண்ணும் வெட்ட மாட்டோம், கப்ளர் டு கப்ளர்." கப்ளர் என்பது ஒயர்களை வெட்டாமல் ஒன்றோடொன்று செருகும் பிளக். எந்த மாடல், எவ்வளவு ராம் என்று நான் முதல் நாள் கேட்டதற்கு வாட்ஸ்அப்பிலும் பதில் அனுப்பியிருந்தார். இன்று என் கையில் இருக்கும் நல்ல ஆதாரம் அந்த மெசேஜ்தான். பணம் யுபிஐயில் போனது. பில் கேட்டபோது, "கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் போயிருக்கு, சாயந்திரம் வாட்ஸ்அப்ல போடறேன் சார்" என்று 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார். அந்தப் பில் இன்றுவரை வரவில்லை.

மாட்டி முடித்ததும் சாவியை எடுத்தேன். ஸ்க்ரீன் அணையவில்லை. வேலை செய்த பையன், "சைடுல இருக்க பட்டனை ஒரு தடவை அமுக்குங்கண்ணா, ஸ்லீப் மோடுக்குப் போயிடும். அடுத்த தடவை சாவி போட்ட உடனே வந்துடும், வெயிட் பண்ண வேணாம்" என்றான். இப்படி உங்களிடம் யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் கோளாறு மேப்பில் தெரிந்தது. 'காலத்துக்கும் ஃப்ரீ' என்று ஏற்றிக் கொடுத்த ஆஃப்லைன் மேப்பில் கிளாம்பாக்கம் பேருந்து முனையமே இல்லை. அது திறந்தது 2023 டிசம்பர் 30-ல். அப்டேட் பட்டனை அழுத்தினால் லைசென்ஸ் இல்லை என்று வருகிறது. யாரோ உடைத்து எடுத்த பழைய மென்பொருளை மெமரி கார்டில் போட்டு ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். சரி, போன் ஹாட்ஸ்பாட்டில் கூகுள் மேப் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், அம்புக்குறி நாம் போகிற ரோட்டில் நிற்பதே இல்லை. ஜிஎஸ்டி ரோட்டில் மெயின் ரோட்டில் போகும்போது சர்வீஸ் ரோட்டில் காட்டும். கத்திப்பாரா மேம்பாலத்தில் எந்த வளைவில் இருக்கிறோம் என்றே அதற்குத் தெரியாது. அதே இடத்தில் என் கையிலிருந்த போன் சரியாகக் காட்டியது.

கொல்லிமலை போனபோது உளுந்தூர்பேட்டையில் சேலம் ரோடு பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் செட் தானாக அணைந்து மறுபடி ஆன் ஆனது. வெளியே மே மாத வெயில், தொட முடியாத அளவுக்கு ஸ்க்ரீன் சூடு. அது எழுந்து வந்து, மேப் திறந்து, சாட்டிலைட் பிடித்து 'வலதுபுறம் திரும்பவும்' என்று சொன்னபோது நாங்கள் திருச்சி ரோட்டில் வெகுதூரம் வந்திருந்தோம். மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளிக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். அதில் அம்பு ஒரு வளைவிலிருந்து இன்னொரு வளைவுக்குத் தாவிக்கொண்டே இருந்தது. ஓட்டுபவரின் கண் ஒரு நொடி அந்தப் பக்கம் போனாலும் ஆபத்தான ரோடு அது. அம்மா, "அதை அணைச்சுடுப்பா, எனக்குப் பயமா இருக்கு" என்று சொன்ன பிறகு மலை முழுக்க மேப் இல்லாமல்தான் ஏறினோம்.

ஊர் திரும்பிய பிறகு காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாத தொல்லை ஆரம்பித்தது. ஒரு நாள் விட்டு எடுத்தால் கிளிக் கிளிக் என்ற சத்தம்தான். கடைக்குப் போன் செய்தால், "செட்ல ஒண்ணும் இல்ல சார், உங்க பேட்டரி வீக். மாத்திடுங்க, நம்மகிட்டயே இருக்கு" என்றார். பேட்டரி கடையில் லோடு டெஸ்ட் செய்து பார்த்தோம். பேட்டரியில் குறை ஒன்றும் இல்லை.

எங்கள் பகுதியில் பல வருடமாக வேலை செய்யும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர்தான் கடைசியில் செட்டை வெளியே எடுத்துப் பார்த்தார். உள்ளே இருந்ததை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ஜிபிஎஸ் ஆன்டெனா, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புச் சதுரம், செட்டுக்குப் பின்னால் இரும்பு பிராக்கெட்டுக்கு அடியில் தலைகீழாகத் திணித்திருந்தது. ஒயரைச் சுற்றிக் கட்டிய கம்பியைக்கூட அவிழ்க்கவில்லை. ஒட்டும் டேப்பின் மேல் தாள் உரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. ஜிபிஎஸ் சிக்னல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிறது. இங்கே வந்து சேரும்போது மிக மிக பலவீனமாக இருக்கும். இரும்புத் தகட்டைத் தாண்டி வராது. இடத்தைச் சரியாகச் சொல்லக் குறைந்தது நான்கு சாட்டிலைட்டாவது வேண்டும். அந்த ஆன்டெனாவை வெளியே எடுத்து, டேஷ்போர்டின் மேல் முன்கண்ணாடிக்குக் கீழே வானத்தைப் பார்த்தபடி அண்ணன் வைத்தவுடனே அம்பு ரோட்டுக்கு வந்துவிட்டது. ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல்தான் எங்களை மலை ஏற விட்டிருக்கிறார்கள்.

அடுத்தது ஒயரிங். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்த செட்டுகளுக்குப் பெரும்பாலும் மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து நேரடியாக வரும் 12 வோல்ட், எப்போதும் இருக்கும். சிவப்பு ஒயர் ஏசிசி, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும். கறுப்பு எர்த். சிவப்பில் கரண்ட் நின்றால்தான், வண்டி அணைந்துவிட்டது என்று செட்டுக்குத் தெரியும். எங்கள் வண்டியில் கம்பெனி கப்ளரை வெட்டிவிட்டு, மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி, சோல்டரிங் இல்லாமல் வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். அந்த டேப்பும் வெயிலில் பசை கசிந்து நழுவிக்கொண்டிருந்தது. வேகன் ஆருக்கான கப்ளர் பெட்டியிலேயே வந்திருக்கிறது. கவரைக்கூடப் பிரிக்காமல் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் போட்டிருந்தார்கள்.

"சாவி போட்ட உடனே ஸ்க்ரீன் வரணும், கஸ்டமர் 'ஆஹா, ஃபாஸ்ட்'னு சொல்லணும். அதுக்குத்தான் இப்படிப் பண்றாங்க தம்பி. செட்டு தூங்கவே தூங்காது" என்றார் அண்ணன். ஸ்க்ரீன் அணைந்திருக்கும்போது மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார். முக்கால் ஆம்பியருக்கு, அதாவது 750 மில்லி ஆம்பியருக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தி வைத்த வண்டியில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். சிறிய பெட்ரோல் கார்களில் சுமார் 35 ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது ஒரு ஆம்பியர் வீதம் 35 மணி நேரம்) பேட்டரி இருக்கும். முக்கால் ஆம்பியர் இழுத்தால் இரண்டு நாளில் முழுசாகக் காலி, ஸ்டார்ட்டர் அதற்கு முன்பே சுற்றாது. பேட்டரி காலியாவதாவது பரவாயில்லை. சோல்டர் இல்லாத அந்த முறுக்கு நழுவி இரும்பில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தவர் என் அம்மா.

உள்ளே என்ன சிப் இருக்கிறது என்பதையும் அன்றுதான் பார்த்தோம். சிபியு-இசட் என்ற இலவச ஆப்பைப் போட்டால் ஏசி8227எல் என்று வந்தது. அதிலிருப்பது கார்டெக்ஸ் ஏ7 கோர்கள், 2011-ல் அறிமுகமானவை. ஏபிஐ லெவல் 27 என்று இருந்தது. அது ஆண்ட்ராய்டு 8.1-க்கு உரிய எண். உண்மையான ஆண்ட்ராய்டு 13 என்றால் 33 இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10-க்கு 29. செட்டிங்ஸ் பக்கத்தில் தெரியும் ராம், வெர்ஷன் எல்லாம் வெறும் எழுத்து. மென்பொருளை ஏற்றும்போதே எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். சில செட்டுகளில் இந்த மாதிரி ஆப்பையும் ஏமாற்றும்படி செய்துவிடுகிறார்கள். அதனால் மெமரிக்குக் கையால் செய்யும் சோதனையே மேல். 128 ஜிபி என்று சொன்னால் பென்டிரைவிலிருந்து 40 ஜிபி வீடியோ ஃபைல்களை செட்டுக்குள் காப்பி செய்யச் சொல்லுங்கள். எங்களுடையது 20 ஜிபியைத் தாண்டுவதற்குள் 'இடம் இல்லை' என்றது. பணம் கொடுக்கும் முன், கடையிலேயே, டேபிள் மேல் வைத்து இதைச் செய்ய வேண்டும். நேரமில்லை என்று கடைக்காரர் சொன்னால் அந்தக் கடை உங்களுக்கு வேண்டாம்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். "உள்ள ஏசில உக்காருங்க சார்" என்று சொன்னாலும் போகாதீர்கள். கட்டிங் பிளேயர் கையில் எடுத்தால் ஏன் என்று கேளுங்கள். உங்கள் மாடலுக்கான கப்ளர் இருந்தால் ஸ்டீரியோவுக்காக எந்த ஒயரையும் வெட்டத் தேவையில்லை. கழற்றிய பழைய செட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அது கிடைத்ததால்தான் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிந்தது.

கார் வாரண்டியில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சர்வீஸ் சென்டரில் எங்களிடம், "ஒயரிங் கட் ஆகியிருக்கு, எலக்ட்ரிக்கல் சம்பந்தமா எது போனாலும் வாரண்டி வராது" என்று ஜாப் கார்டிலேயே எழுதிவிட்டார்கள். இன்ஷூரன்ஸிலும் ஒரு விஷயம் உண்டு. வெளியில் மாட்டிய எலக்ட்ரானிக் பொருள்களுக்குப் பாலிசியில் ஐஎம்டி 24 என்று தனிச் சேர்ப்பு இருக்கிறது. பொருளின் மதிப்பில் 4% கூடுதல் பிரீமியம். அதைச் சேர்க்க, பில் வேண்டும். துண்டுச் சீட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

வாரண்டி கார்டைக் காட்டியபோது கடைக்காரர் சொன்னது: "அது கம்பெனி வாரண்டி சார், நாங்க விக்கிறவங்கதான்." கார்டில் சீரியல் நம்பர் இல்லை, முகவரி என்று ஊர்ப் பெயர் மட்டும். அதிலிருந்த நம்பரை யாரும் எடுப்பதில்லை. விற்றவருக்குப் பொறுப்பில்லை என்பது பொய். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விற்பவரும் பதில் சொல்லியே ஆக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதிந்தேன். கடையிலிருந்து பதில் வராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். வாட்ஸ்அப் மெசேஜ், யுபிஐ ரசீது, துண்டுச் சீட்டு, பெட்டியின் போட்டோ, சிபியு-இசட் ஸ்க்ரீன்ஷாட், வெட்டிய ஒயரின் போட்டோ, ஜாப் கார்டு எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன்.

இப்போது வண்டியில் பழைய ரேடியோவே இருக்கிறது. வெட்டிய கப்ளரை எலக்ட்ரீஷியன் அண்ணன் சோல்டர் செய்து, ஸ்லீவ் போட்டு, ஃபியூஸ் மாற்றிக் கொடுத்தார். போனை ஏசி வென்ட்டுக்கு முன்னால் மாட்டும் ஹோல்டருக்கு மாற்றியதும் சூடேறுவது நின்றுவிட்டது. போக வேண்டிய பகுதியைக் கூகுள் மேப்பில் முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொண்டால் மலையில் சிக்னல் இல்லாவிட்டாலும் வழி காட்டுகிறது. அதற்குக் காசும் இல்லை.

ஆணையத்தில் கடைக்காரருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. பணம் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.