கை பழகுவது எங்கே? சுகாதாரப் பணிக்குப் படிக்க நினைக்கும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

என் பெறாமகள் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு வாட்ஸ்அப்பில் மூன்று படங்களை அனுப்பினாள். முதலாவது, பழைய அரச வர்த்தமானி ஒன்றின் பக்கம்: குடும்பநல உத்தியோகத்தர், அதாவது மிட்வைஃப், பயிற்சிக்கு ஆட்சேர்ப்பு. இரண்டாவது, தனியார் நிறுவனம் ஒன்றின் 'சமூக சுகாதார டிப்ளோமா' துண்டுப்பிரசுரம். மூன்றாவது, ஏதோ ஒரு ஒன்லைன் பாடநெறி. அதில் 'இலவசம்' என்ற இடத்தை மட்டும் சிவப்பால் வட்டமிட்டிருந்தாள். கீழே ஒரு வரி: "பெரியம்மா, இதில எது நல்லம்?"

பதில் அனுப்ப எனக்கு இரண்டு நாள் பிடித்தது. சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில் சுகாதாரத் தொண்டராகச் சேர்ந்தேன். பிறகு தொண்டர்களைப் பழக்கும் வேலை. மூதூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளி என்று பன்னிரண்டு வருடம் பஸ்ஸில் திரிந்திருக்கிறேன். அவள் அனுப்பிய மூன்று வகையையும் கிட்ட இருந்து பார்த்தவள். ஒன்றில் காசையும் இழந்தவள். அதை அப்புறம் சொல்கிறேன்.

காசு, காலம், சான்றிதழ் என்றுதான் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். நான் கேட்பது வேறு. முதன்முதலாக ஒரு வீட்டு வாசலில் நீ பிழை விடும்போது, அதைத் திருத்தப் பக்கத்தில் யார் நிற்பார்?

ஓர் உதாரணம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் கடும் மந்தபோசணை. இது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. புத்தகத்தில் ஒரு வரி, ஐந்து நிமிடத்தில் மனப்பாடமாகிவிடும். ஆனால் நாடாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோள்மூட்டு எலும்புக்கும் முழங்கை நுனிக்கும் நடுவைக் கண்டுபிடிக்கக் கையை மடக்க வேண்டும்; அளக்கும்போது கை தளர்ந்து தொங்க வேண்டும். பிள்ளை கத்தும். தாய் பதறுவாள். பதற்றத்தில் நாடாவைக் கொஞ்சம் இறுக்கினால் 11.8 என்பது 11.4 ஆகிவிடும். ஒரு வீட்டையே கலங்கடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பீர்கள். தளர விட்டால் அதைவிட மோசம்: அனுப்ப வேண்டிய பிள்ளையை அனுப்பாமல் வந்திருப்பீர்கள். நான் முதல் தடவை அளந்தபோது பக்கத்தில் நின்ற மிட்வைஃப் அக்கா ஒன்றும் பேசவில்லை. பிள்ளையின் கைக்கும் நாடாவுக்கும் நடுவே தன் விரல் நுனியை விட்டுப் பார்த்தா, அவ்வளவுதான். அந்த விரலை எந்தத் திரையிலும் நான் கண்டதில்லை.

சமூக சுகாதாரப் பணியாளர் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டலும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. பாடத்தையும் செயலையும் சமன் செய்து, மேற்பார்வையோடு கூடிய களப் பழக்கத்துக்கு முதலிடம் கொடுங்கள். இயன்றவரை பணியாளரின் ஊரிலோ ஊருக்குக் கிட்டவோ பழக்குங்கள். ஒன்லைனை நேரடிப் பயிற்சியோடு கலந்து பயன்படுத்துங்கள். சரி, இந்த அளவுகோலோடு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வர்த்தமானி வழி

குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சி வழமையாக ஒன்றரை வருடம். முதல் ஒரு வருடம் தாதியர் பயிற்சிக் கல்லூரியும் பிரசவ விடுதியும். மீதி ஆறு மாதம் களம்: வீட்டுத் தரிசிப்பு, கிளினிக், பதிவேடு. படிக்கும் காலத்தில் கொடுப்பனவு உண்டு. முடித்ததும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு, அரச நியமனம், ஓய்வூதியம். பக்கத்தில் யார் நிற்பார் என்ற என் கேள்விக்கும் இதில்தான் தெளிவான பதில் இருக்கிறது. சேவையில் உள்ள உத்தியோகத்தர்களே நிற்பார்கள்.

பொதுச் சுகாதார பரிசோதகர், அதாவது எல்லோரும் பி.எச்.ஐ ஐயா என்று கூப்பிடுகிறவர், அவருடைய பயிற்சிக்கும் அரச வழிதான். களுத்துறையில் உள்ள தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவனம்தான் இவற்றுக்கெல்லாம் தாய்வீடு. இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில்தான் தொடங்கியது. இன்றைக்கு நம் ஊரில் நாம் எம்.ஓ.எச் ஒபீஸ் என்று சொல்லும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை முறைக்கு அதுவே வேர்.

குறைகளும் உண்டு. முதலாவது, காத்திருப்பு. அடுத்த வர்த்தமானி எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. வந்தாலும் வயதெல்லை, பாடங்கள், பெறுபேறு என்று நிபந்தனைகள். அவையும் ஒவ்வொரு அறிவித்தலிலும் கொஞ்சம் மாறும். ஆகவே பழைய அறிவித்தலைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். இரண்டாவது, தூரம். கொழும்பே இங்கிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல். களுத்துறை அதற்கும் தெற்கே இன்னும் 40. மட்டக்களப்புப் பயிற்சி நிலையம் கிடைத்தால் அதிர்ஷ்டம், ஏ15 வீதியில் சுமார் 130 கிலோமீற்றர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கம் போக நாங்கள் படகுப்பாதைக்குக் காத்துக்கிடந்ததை நினைத்தால், இப்போது அது தூரமே இல்லை. ஆனாலும் வெருகலில் உள்ள ஒரு தகப்பனுக்கு மகளை ஒன்றரை வருடம் வெளியூரில் விடுவது லேசான முடிவல்ல.

பட்டப்படிப்பு

இது அவள் அனுப்பிய படங்களில் இல்லை, ஆகவே சுருக்கமாக முடிக்கிறேன். பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் புள்ளி போதுமென்றால், மிகிந்தலையில் உள்ள ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தில் சுகாதார மேம்பாட்டில் பட்டம் படிக்கலாம். ஏ12 வீதியில் பஸ் ஏறினால் ஒரு காலைப் பயணம். நல்ல படிப்பு, ஆங்கில மூலம். ஆனால் அது நோய் வருமுன் சமூகத்தை எப்படி மாற்றுவது என்று யோசிக்கப் பழக்கும் படிப்பு; முடித்ததும் குடும்பநல உத்தியோகத்தர் நியமனம் கையில் வரும் என்று எண்ணக்கூடாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது வைத்தியராவதற்கான படிப்பு. வேறு பாதை.

தனியார் டிப்ளோமா

நான் காசை இழந்தது இதில்தான். ஆறு மாதம், வார இறுதி வகுப்பு, பட்டமளிப்பு விழா, தங்க எழுத்துச் சான்றிதழ். அங்கே எனக்குக் கிடைத்த பாடக்குறிப்பில் பாதி, சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் இருந்ததுதான். ஒரு நாள்கூட ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. 'களப் பயணம்' என்று ஒருமுறை கடற்கரைக்குப் போய்ப் படம் எடுத்தோம். பிறகு ஒரு நேர்முகப் பரீட்சையில் அந்தச் சான்றிதழை நீட்டினேன். அதிகாரி திருப்பிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது பதிவு செஞ்ச இடமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் ஆறு மாதத்துக்கு முதலே கேட்டிருக்க வேண்டும்.

எல்லாத் தனியார் நிறுவனமும் அப்படி என்று சொல்ல வரவில்லை. காசு கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருக்கிறதா? பாடநெறி தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ, மட்டம் ஏதாவது தருகிறதா? பராமரிப்பாளர் வேலைக்கு என்.வி.கியூ சான்றிதழ் உண்மையிலேயே பயன்படும். முதியோர் பராமரிப்புக்கு உள்ளூரிலும் வெளிநாட்டிலும் ஆள் கேட்கிறார்கள். ஆனால் பராமரிப்பாளர் பார்ப்பது ஒரு நோயாளியை. சமூக சுகாதாரப் பணியாளர் பார்ப்பது ஒரு தெருவை. துண்டுப்பிரசுரங்கள் இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகின்றன.

செஞ்சிலுவைச் சங்கம், சென் ஜோன் அம்புலன்ஸ் போன்றவை நடத்தும் முதலுதவிப் பயிற்சியை நான் இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். நாட்கள் குறைவு, செலவு குறைவு, கையால் செய்துபார்க்க வைக்கிறார்கள். எந்த வழியில் போகிறவரும் அதைச் செய்துவிடலாம்.

ஒன்லைன்

பெறாமகள் வட்டமிட்ட 'இலவசம்' பொய்யல்ல. உலக சுகாதார நிறுவனம் 2017இல் தொடங்கிய ஓப்பன்டபிள்யூஎச்ஓ தளம் அதன் பாடங்களுக்குக் காசு கேட்டதில்லை. கோர்செரா என்ற ஒன்லைன் தளத்தில் 2020இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் கொரோனாத் தொடர்பாளர்களைத் தேடும் வேலைக்கு ஒரு பாடநெறி போட்டது. ஐந்தாறு மணி நேரம்தான். ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது நானும் படித்தேன். தொற்றியவரிடம் தொலைபேசியில் எப்படிப் பேசுவது, பயந்தவரை எப்படிக் கேள்வி கேட்பது என்று அழகாகச் சொல்லித்தந்தார்கள். ஆனால் அந்த உரையாடல் முழுக்க அமெரிக்க உரையாடல். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு அழைப்பு எடுத்தால் முதலில் மாமனார் பேசுவார், பிறகு மாமியார், கடைசியில்தான் நோயாளி. அதற்குப் பாடம் இல்லை.

மொழிதான் பெரிய மதில். பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில். உயர்தரத்தைத் தமிழில் படித்த பிள்ளைக்கு முதல் வாரம் அகராதியோடு போய்விடும். டேட்டாவுக்கு ரீலோட் போடும் காசு தனிக் கணக்கு. பாதியில் விட்டவர்கள்தான் அதிகம். நான் பழக்கிய தொண்டர்களில் சேர்ந்த பத்துப் பேரில் இரண்டு பேர் முடித்தால் அதிசயம்.

ஆனால் ஏற்கெனவே சேவையில் இருப்பவருக்கு ஒன்லைன் உண்மையிலேயே பெறுமதியானது. மலேரியாவை எடுங்கள். 2012க்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் இங்கே உள்ளூரில் தொற்றிய நோயாளி இல்லை. 2016 செப்ரெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. பெருமைதான். ஆனால் இப்போது சேவைக்கு வரும் இளையவர்கள் மலேரியா நோயாளியையே கண்டதில்லை. மறுபக்கம், நகரத் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகக்கூடிய ஸ்டீபன்சை என்ற, மலேரியாவைப் பரப்பும் புதிய அனோபிலிஸ் நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டதாக 2017இல் செய்தி வந்தது. கண்ணால் காண முடியாத நோயைப் பற்றிய அறிவை மங்கவிடாமல் வைத்திருக்கத் திரை போதும். கை ஏற்கெனவே பழகியிருக்கிறது, மூளைக்குத்தான் தீனி தேவை.

துண்டுப்பிரசுரம் இல்லாத நாலாவது வழி

பெறாமகளின் மூன்று படங்களிலும் இல்லாதது இது: உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை.

2017 மார்ச்சில் கிண்ணியா டெங்கினால் திணறியது. அந்த வருடம் நாடு முழுக்க 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குச் சந்தேகத்துடன் பதிவானார்கள். நாங்கள் வீடு வீடாகப் போனோம். முதல் நாள் நான் தொட்டித் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். கூட வந்த பி.எச்.ஐ என்னைத் திருப்பிக் கூப்பிட்டார். வெறும் தொட்டிக்குள் டோர்ச் அடித்து, தண்ணீர் மட்டம் இருந்த கோட்டைக் காட்டினார். நுளம்பு முட்டைகள் அந்தச் சுவரில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் கிடக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும் என்றார். பிறகு வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு தேங்காய்ப் பொச்சு வாங்கி, உட்சுவரைத் தானே தேய்த்துக் காட்டினார். மூன்று நாள் அவர் பின்னால் திரிந்ததில் நான் கற்றதை ஆறு மாத டிப்ளோமா தரவில்லை.

இதற்கு விண்ணப்பப் படிவம் கிடையாது. பல ஊர்களில் தாய்மார் ஆதரவுக் குழுக்கள் இருக்கின்றன, அதில் சேருங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், கிளினிக் நாளில் உதவிக்கு வரலாமா என்று கேளுங்கள். அவ வைத்திய அதிகாரியிடம் அனுமதி கேட்பா. தராசைப் பூச்சியத்தில் வைப்பது, பிள்ளையின் உடுப்பைக் கழற்றி நிறுப்பது, வளர்ச்சிக் கோட்டில் புள்ளி போடுவது, கோடு சரிந்தால் தாயைக் குற்றவாளியாக்காமல் பேசுவது எல்லாம் அங்கே கிடைக்கும். அதுவும் தமிழில். கந்தளாய், சேருவிலப் பக்கம் வேலை செய்ய நேர்ந்தால் சிங்களமும் காதில் விழும். அது இந்த மாவட்டத்தில் எந்தச் சான்றிதழுக்கும் குறைந்ததல்ல.

குறை? சம்பளமில்லை, சான்றிதழ் இல்லை. எல்லாம் பழக்கித்தருபவரின் மனநிலையைப் பொறுத்தது. சிலர் தேத்தண்ணி வாங்கிவர மட்டும் அனுப்புவார்கள். நல்ல ஆள் கிடைக்காவிட்டால் அடுத்த கிளினிக்கில் கேட்டுப்பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

யாருக்கு எது

உயர்தரம் முடித்த பிள்ளைக்கு: வர்த்தமானிக்குக் காத்திருங்கள். காத்திருக்கும் காலத்தைக் கிளினிக்கிலும் முதலுதவி வகுப்பிலும் செலவழியுங்கள். டிப்ளோமாவுக்குக் கட்டும் காசை, வெளியூரில் பயிற்சி கிடைத்தால் தேவைப்படும் என்று வைத்திருங்கள்.

ஏற்கெனவே தொண்டராக இருப்பவருக்கு, குறிப்பாக பிள்ளைகுட்டியோடு இருக்கும் பெண்களுக்கு, நாலாவது வழிதான் முதல். கூட ஒன்லைனில் ஒரே ஒரு பாடநெறி. தனியாக அல்ல, நாலு பேர் சேர்ந்து ஒரு ஃபோனில், ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வாசித்துத் தமிழில் சொல்ல.

சேவையில் இருக்கும் உத்தியோகத்தருக்கு நான் புத்தி சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஒன்று: ஒன்லைனில் படித்ததை மாதாந்தக் கூட்டத்தில் பத்து நிமிடம் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். அப்போதுதான் சிங்களமோ தமிழோ, உங்கள் வாயில் அது உட்காரும்.

இதையெல்லாம் பெறாமகளுக்குக் குரல் பதிவாக அனுப்பினேன், பதினொரு நிமிடம். முழுக்கக் கேட்டாளோ தெரியாது. ஆனால் இப்போது கிளினிக் நாட்களில் தராசடியில் நிற்கிறாள். அவளுடைய அப்பா மட்டும் அந்தத் துண்டுப்பிரசுரத்தை இன்னும் அலுமாரிக்குள் வைத்திருக்கிறார்.